வீட்டுப் புரொஜெக்டர்: மலிவான ஒளியின் வரலாறு

வீட்டுப் புரொஜெக்டர் என்பது ஒரு குடும்பம் தன் வீட்டுச் சுவரிலோ திரையிலோ பெரிய அளவில் படம் பார்ப்பதற்காக வாங்கும் படவீழ்த்தி. இன்று இணையக் கடைகளில் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவாக இப்பெயரில் கருவிகள் விற்கப்படுகின்றன. பல லட்சம் ரூபாய் விலையுள்ளவையும் இதே பெயரில்தான் விற்பனையாகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே எதை வாங்குவது என்று திகைப்பவருக்கு இக்கருவியின் வரலாறு ஓரளவு வழிகாட்டும். ஏனெனில் கடந்த மூன்றரை நூற்றாண்டுகளில் புரொஜெக்டரின் விலை குறைந்த ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் இரண்டு காரணங்களே செயல்பட்டுள்ளன. ஒன்று, கருவிக்குள் இருக்கும் மூலப்படத்தைச் சிறியதாக்கியது. மற்றொன்று, வலுவான ஒளியை ஆபத்தின்றிக் குறைந்த செலவில் உண்டாக்கியது. ஆனால் கருவியின் விலை இறங்கிய ஒவ்வொரு முறையும் செலவு வேறோர் இடத்திற்கு நகர்ந்தது. படச்சுருளாகவும், மாற்று விளக்காகவும், அறையை இருட்டாக்கும் திரைச்சீலையாகவும் அது பின்னர் வந்து சேர்ந்தது.

மாய விளக்கு

புரொஜெக்டரின் முன்னோடி மாய விளக்கு. டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-இல் இதற்கான படங்களை வரைந்து வைத்துள்ளார். எலும்புக்கூடு ஒன்று தன் தலையைக் கழற்றி மாட்டுவதாக அமைந்த படங்கள் அவை. சனிக்கோளின் வளையத்தை விளக்கியவரும் ஊசல் கடிகாரத்தை அமைத்தவருமான ஹைகன்ஸ் இந்த விளக்கை வெறும் விளையாட்டுப் பொருளாகவே கருதினார். 1662-இல் அவருடைய தந்தை இதைப் பிரெஞ்சு அரசவையில் காட்ட விரும்பிக் கேட்டபோது, மறுக்க முடியாமல் அனுப்பச் சம்மதித்தார். ஆனால் பாரிசில் இருந்த தம்பிக்கு, கருவி வந்ததும் ஒரு வில்லையைக் கழற்றிவிட்டு இயங்காமல் செய்துவிடும்படி இரகசியமாக எழுதினார். பெரிய அறிஞர் வீட்டுப்பிள்ளை பொம்மலாட்டம் காட்டுகிறான் என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சினார் போலும்.

அவர் வெட்கப்பட்ட பொருளை மற்றவர்கள் விற்கத் தொடங்கினர். டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் வால்கென்ஸ்டன் 1660-களில் ஐரோப்பிய நகரங்களில் பயணம் செய்து மாய விளக்கைக் காட்டினார், விற்கவும் செய்தார். லண்டனில் ரீவ்ஸ் என்ற கண்ணாடி வினைஞர் இதைச் செய்து வந்தார். 1666 ஆகஸ்டில் அவர் தன் வீட்டுக்கு ஒரு விளக்கைக் கொண்டுவந்து சுவரில் விசித்திரங்கள் தோன்றச் செய்ததை சாமுவேல் பீப்பிஸ் தன் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். ஒரு விற்பனையாளர் வாடிக்கையாளரின் வீட்டுக்கே சென்று புரொஜெக்டரை இயக்கிக் காட்டியதற்கான மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று.

அக்கால விளக்கில் மெழுகுவர்த்தியோ எண்ணெய்த் திரியோதான் எரிந்தது. படம் மங்கலாக, சிறியதாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் சூடேற்றிப் பெறும் ஒளி அரங்குகளுக்கு வந்தது. அது வீட்டுக்கு ஏற்றதன்று. இரண்டு வாயுக்களைக் கையாளத் தெரிந்த ஆள் வேண்டும், தவறினால் வெடிக்கும். வீட்டுக்கு ஒளி தந்தது மண்ணெண்ணெய். 1860-களுக்குப் பிறகு மண்ணெண்ணெய் பரவலாகக் கிடைத்ததும், ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துப் பொம்மைத் தொழிலாளிகள் தகரத்தால் சிறிய மாய விளக்குகளைச் செய்து உலகெங்கும் அனுப்பினர். எர்ன்ஸ்ட் பிளாங்க், பிங் சகோதரர்கள் ஆகிய நிறுவனங்களின் பெயர் பொறித்த விளக்குகளை இன்றும் பழம்பொருள் சேகரிப்பாளர்களிடம் காணலாம். நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டிய முதல் புரொஜெக்டர் என்று இந்தத் தகர விளக்கையே சொல்ல வேண்டும். விளக்கு மலிவு. அதில் பொருத்தும் வண்ணக் கண்ணாடிப் படங்களை மேலும் மேலும் வாங்க வேண்டியிருந்தது. வணிகர் இலாபம் பார்த்தது அதில்தான்.

தீப்பிடிக்கும் படச்சுருள்

1895 டிசம்பர் 28-இல் லூமியேர் சகோதரர்கள் பாரிசில் கட்டணக் காட்சி நடத்தினர். 1896 ஜூலை 7-இல் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் அவர்களின் படங்கள் காட்டப்பட்டன. ஆனால் அசையும் படம் வீட்டுக்குள் வருவதற்கு மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. காரணம் விலை மட்டுமன்று. 35 மி.மீ. படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. 1897 மே 4-இல் பாரிசில் நடந்த அறக்கொடைச் சந்தை ஒன்றில் புரொஜெக்டரின் ஈதர் விளக்கிலிருந்து தொடங்கிய தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் உயர்குடிப் பெண்கள். அங்கே தீ தொடங்கியது விளக்கிலிருந்துதான், சுருளிலிருந்து அன்று. எனினும் சினிமா என்றாலே தீ என்ற அச்சம் பரவ அது போதுமானதாக இருந்தது.

இக்காலத்தில் புரொஜெக்டர் வாங்குவது பிழைப்புக்கான முதலீடு. 1905-இல் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் இயேசுவின் வாழ்க்கை முதலான சில மௌனப் படங்களையும் வாங்கினார். சுமார் 2000 ரூபாய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விலை. ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு அது பல ஆண்டுச் சம்பளம். அவர் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டி அப்பணத்தை மீட்டார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். தென்னிந்திய சினிமா வரலாற்றில் அவரது இடம் தனியாகப் பேசப்பட வேண்டியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே: பார்வையாளரிடம் காசு வாங்காமல் ஒரு புரொஜெக்டரை வைத்துக்கொள்வது அன்று கட்டுப்படியாகாது.

வீட்டுக்கென்றே செய்யப்பட்ட முதல் கருவிகளில் குறிப்பிடத்தக்கது பிரான்சின் பாத்தே நிறுவனம் 1912-இல் வெளியிட்ட கோக். இதில் 28 மி.மீ. அகலமுள்ள, எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் சுருள் பயன்பட்டது. மின்சாரம் இல்லாத வீடுகளை மனத்தில் வைத்து அமைத்திருந்தனர். கைப்பிடியைச் சுற்றினால் சுருள் நகரும், கூடவே ஒரு சிறிய டைனமோ சுழன்று விளக்கும் எரியும். சுற்றுவது தளர்ந்தால் படத்தின் வேகமும் ஒளியும் ஒருசேரக் குறையும். அதே ஆண்டு எடிசன் வெளியிட்ட வீட்டு கினெட்டோஸ்கோப்பில் 22 மி.மீ. சுருளில் மூன்று வரிசையாகப் படங்கள் இருந்தன. முதல் வரிசை முடிந்ததும் அடுத்ததற்கு மாற்றி எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுருளை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணம்தான், ஆனால் மக்கள் வாங்கவில்லை.

சுருள் சிறுத்த கதை

1922-இன் இறுதியில் பாத்தே நிறுவனம் பாத்தே பேபி என்னும் சிறிய புரொஜெக்டரை வெளியிட்டது. சுருளின் அகலம் 9.5 மி.மீ. மட்டுமே. சுருளை இழுக்கும் துளைகளை ஓரங்களில் இடாமல், இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள கோட்டில் இட்டனர். அதனால் ஓரத்தில் இடம் வீணாகவில்லை. ஏறத்தாழ முழு அகலமும் படத்துக்கே கிடைத்தது. 16 மி.மீ. சுருளின் படத்தைவிட இது பெரிதும் சிறியதன்று.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சிக்கனம் ஒன்றும் அதில் இருந்தது. மௌனப்படத்தில் உரையாடல் அட்டைகள் அடிக்கடி வரும். பார்வையாளர் படித்து முடிக்க ஐந்து விநாடி ஆகுமென்றால், அந்த ஐந்து விநாடிக்கும் ஒரே எழுத்துப் படத்தைத் திரும்பத் திரும்ப எண்பது தடவை அச்சிட வேண்டும். பாத்தே பேபியில் அத்தகைய இடங்களில் சுருளின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். வெட்டு வந்ததும் கருவி தானாக அந்தப் படத்தில் சில விநாடிகள் நின்று பிறகு நகரும். எண்பது படங்களின் வேலையை ஓரிரண்டு படங்கள் செய்துவிடும். விளக்கு மங்கலானது, சுருளும் தீப்பற்றாதது என்பதால் நின்ற படம் கருகவில்லை. தொழில்நுட்பக் குறையாகத் தோன்றும் மங்கலான விளக்கே இங்கே சிக்கனத்துக்கு வழிவிட்டது.

அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் 1923-இல் 16 மி.மீ. சுருளைக் கொண்டுவந்தது. ஏன் 16? 35-இல் பாதி 17.5. அந்த அளவை வைத்தால், எரியக்கூடிய 35 மி.மீ. நைட்ரேட் சுருளை யாரேனும் நடுவே கிழித்து வீட்டுக் கருவியில் ஓட்டிவிடுவர். 16 என்று வைத்ததால் அது முடியாமல் போயிற்று. மேலும் காமிராவில் ஓடிய அதே சுருளைக் கழுவி, நேர்ப்படமாக மாற்றித் திருப்பித் தரும் முறையையும் கோடாக் அமைத்தது. தனியாக இன்னொரு பிரதி எடுக்கும் செலவு மிச்சமானது. அப்படியும் காமிரா, புரொஜெக்டர், முக்காலி, திரை எல்லாம் சேர்ந்த தொகுப்பின் விலை 335 டாலர். அக்காலத்தில் ஃபோர்டு மாடல் டி காரின் மலிவான வகை ஏறக்குறைய அந்த விலைக்குக் கிடைத்தது. ஆகவே இதை வாங்கியவர்கள் வசதி படைத்தவர்களே. அவர்களுக்கும் விலைக்கு வாங்கிய படங்கள் சலித்துவிடும் என்பதை உணர்ந்து, கோடாக் தன் வாடகைப் படநூலகங்களைத் திறந்தது. பிற்காலத்து வீடியோ வாடகைக் கடையின் முன்வடிவம் அதுதான்.

பொருளாதாரப் பெருமந்தம் கடுமையாக இருந்த 1932-இல் கோடாக் 8 மி.மீ. முறையை அறிமுகப்படுத்தியது. இதன் கணக்கு அழகானது. 16 மி.மீ. அகலமுள்ள சுருளையே காமிராவில் மாட்டி ஒரு பாதியில் படம் பிடிப்பர். பிறகு சுருளைத் திருப்பி மாட்டி மறு பாதியில் பிடிப்பர். கழுவிய பின் நடுவே கிழித்து ஒட்டித் தருவர். ஒவ்வொரு படமும் 16 மி.மீ. படத்தின் பரப்பில் கால் பங்கு. 16 மி.மீ. முறையில் 100 அடி ஓடும் நான்கு நிமிடக் காட்சியை இங்கே 25 அடி நீளமுள்ள சுருளிலேயே அடக்கலாம். சுருளின் செலவு விழுந்தது. ஆனால் மூலப்படம் நான்கில் ஒன்றானதால், அதை அதே திரைக்குப் பெரிதாக்கினால் மணல்மணலாகத் தெரியும். கூடத்தில் மூன்றடி நான்கடிப் படத்துடன் மனநிறைவு கொள்ள வேண்டும். விலைக்கும் திரையின் அளவுக்கும் இடையே வாங்குபவர் செய்ய வேண்டிய சமரசம் முதன்முதலாக வெளிப்படையாகத் தெரிந்தது இங்கேதான். 1965-இல் வந்த சூப்பர் 8 சுருளில் துளைகளைச் சிறிதாக்கிப் படத்தின் பரப்பைக் கூட்டினார்கள். மாட்டுவதற்கு எளிதான பெட்டியும் அதற்கு இருந்தது.

வீட்டில் எடுத்த படங்களே பெரும்பாலும் இக்கருவிகளில் ஓடின. கடையில் விற்ற படங்களும் உண்டு. காசில் ஃபிலிம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1937-இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்த செய்திப்படத்தை வீட்டுச் சுருளாக விற்றுப் பெயர் பெற்றது. முழுநீளத் திரைப்படத்தைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கிய பதிப்புகளும் கிடைத்தன. மூன்று மணி நேரத் தமிழ்ப்படத்தை அப்படிச் சுருக்கினால் பாடல்களுக்கே இடம் போதாது என்று இன்று நமக்குத் தோன்றலாம்.

தமிழகத்தில் 8 மி.மீ. வீட்டுக் கருவி ஒரு சில வசதியான குடும்பங்களைத் தாண்டவில்லை. ஆனால் 16 மி.மீ. வேறு வழியில் மக்களிடம் வந்தது. மத்திய அரசின் களவிளம்பரப் பிரிவினர் வண்டியில் கொண்டுவந்து செய்திப்படங்களைக் காட்டினர். கோயில் திருவிழாக்களில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி வாடகைப் புரொஜெக்டரில் பழைய படங்களை ஓட்டினர். திரைக்குப் பின்புறம் உட்கார்ந்தவர்களும் படத்தை இடவலம் மாறிப் பார்த்தனர். வீட்டுக்கு ஒரு புரொஜெக்டர் இல்லை. ஊருக்கு ஓர் இரவு புரொஜெக்டர் இருந்தது.

மூன்று குழாய்கள்

1975-இல் பீட்டாமேக்ஸும் 1976-இல் வி.எச்.எஸ்ஸும் வந்தபின் வீட்டுச் சுருளின் காலம் முடிந்தது. ஒளிநாடாவைப் பெரிதாகக் காட்ட அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கிளாஸ் 1970-களின் தொடக்கத்திலேயே ஒரு வழி கண்டிருந்தார். அவரது அட்வென்ட் வீடியோபீம், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தனித்தனிக் குழாய்களைக் கொண்டு ஏழடித் திரையில் படம் காட்டியது. இந்த வகைப் புரொஜெக்டர்கள் அடுத்த இருபது ஆண்டுகள் செல்வந்தர் வீடுகளிலும் வீடியோ அரங்குகளிலும் இருந்தன. எடை நாற்பது, ஐம்பது கிலோவுக்கு மேல். மூன்று நிறங்களும் ஒரே புள்ளியில் விழும்படி சரிசெய்யத் தனி ஆள் வர வேண்டும். பிசகினால் நாயகனுக்கு மூன்று விளிம்புகள் இருக்கும். இருட்டு அறையில் அவை தந்த கருமையை நெடுங்காலம் வேறு எதுவும் மிஞ்சவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மலிவு விலை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அலுவலகம் தந்த கொடை

1989-இல் ஜப்பானின் ஷார்ப், எப்சன் நிறுவனங்கள் எல்.சி.டி. புரொஜெக்டர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. தபால்தலை போன்ற சிறு எல்.சி.டி. தகடுகள் ஒளியைத் தேவையான இடத்தில் விட்டும் மறைத்தும் படத்தை உருவாக்கின. மூலப்படம் மீண்டும் சிறுத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே மின்கம்பிகள் ஓடும் இடைவெளி திரையில் கறுப்புக் கட்டங்களாகத் தெரிந்தது. கொசுவலைக்குப் பின்னால் இருந்து படம் பார்ப்பது போன்ற உணர்வு.

இதற்குப் போட்டியாக வந்தது டி.எல்.பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லேரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய சில்லில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் இருந்தன. முதல் தலைமுறையில் ஒவ்வொன்றின் பக்கமும் ஏறத்தாழ 16 மைக்ரான், அதாவது தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு புறம் சாய்ந்தால் ஒளி திரைக்குப் போகும். மறுபுறம் சாய்ந்தால் போகாது. விநாடிக்குப் பல ஆயிரம் முறை இப்படிச் சாய்ந்து சாம்பல் நிறத்தின் படிநிலைகளைத் தரும். நிறத்துக்கு, விளக்கின் முன் ஒரு வண்ணச் சக்கரம் சுழலும். 1996-இல் இச்சில்லுடன் முதல் புரொஜெக்டர்கள் விற்பனைக்கு வந்தன. திரையரங்குக் கருவியில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று சில்லுகள், மலிவுக் கருவியில் ஒரே சில்லும் சக்கரமும். சிலருடைய கண்ணுக்கு அந்தச் சக்கரத்தால் படத்தின் ஓரத்தில் வானவில் கீற்றுகள் மின்னித் தெரியும், பலருக்குத் தெரியாது. அதனால்தான் டி.எல்.பி. கருவியை வாங்குமுன் ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது.

இக்கருவிகளை விலை குறையச் செய்தவர்கள் படப்பிரியர்கள் அல்லர். பவர்பாயிண்ட் மென்பொருள் வெளிவந்ததும் 1987-இல்தான். 1990-களில் அலுவலகங்களும் கல்லூரிகளும் விரிவுரைப் படங்களைச் சுவரில் காட்டப் புரொஜெக்டர்களைப் பெருமளவில் வாங்கின. உற்பத்தி பெருகி விலை இறங்கியது. அதே வேளையில் 1996–97-இல் டிவிடி வந்தது. அலுவலகக் கருவியின் 800×600 புள்ளிகளில் அகலத்திரைப் படத்துக்கு 800×450 கிடைக்கும். அமெரிக்க முறை டிவிடியின் செங்குத்து அளவு 480 வரிகள். விற்பனைப் பட்டியலைக் காட்டவென்று செய்த கருவி, தற்செயலாக டிவிடி பார்க்கவும் ஏறக்குறையப் பொருந்திவிட்டது. 2003-இல் இன்ஃபோகஸ் எக்ஸ்1 என்ற டி.எல்.பி. கருவி ஆயிரம் டாலருக்குள் விற்கப்பட்டது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் பொதுவானதாக அமைக்கப்பட்ட இக்கருவியே பல நாடுகளில் சம்பளக்காரர்களின் முதல் வீட்டுப் புரொஜெக்டராயிற்று. 2009-இல் ஆப்டோமா எச்.டி.20, முழு எச்.டி. தெளிவை (1920×1080 புள்ளிகள்) அதே ஆயிரம் டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. ஆறே ஆண்டுகளில் விலை மாறாமல் புள்ளிகள் நான்கு மடங்குக்கு மேல் பெருகின.

விளக்கின் விலை

இந்தத் தலைமுறையின் இரகசியச் செலவு விளக்கு. 1990-களின் நடுவில் பிலிப்ஸ் உருவாக்கிய உயரழுத்தப் பாதரச விளக்கில் ஒளி ஏறத்தாழ ஒரு மி.மீ. இடைவெளியில் பிறக்கும். ஒளிப்புள்ளி சிறியதானதால் சில்லும் வில்லையும் சிறியதாக முடிந்தது. கருவி கைக்கு அடக்கமானது. ஆனால் அதன் ஆயுள் அன்று 2000 மணி நேர அளவில்தான் இருந்தது. மாற்று விளக்கின் விலை சில கருவிகளில் புரொஜெக்டர் விலையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சென்றது. வாரத்துக்கு இரண்டு படம் பார்ப்பவருக்கு ஒரு விளக்கு பத்தாண்டு வரும். தினமும் நான்கு மணி நேரம் தொடரும் கிரிக்கெட்டும் பார்க்கும் வீட்டில் ஐந்நூறு நாளில் தீர்ந்துவிடும். புரொஜெக்டரைத் தொலைக்காட்சிக்கு மாற்றாக வாங்கிய குடும்பங்கள் பல, முதல் விளக்கு அணைந்தபோது கருவியைப் பரணில் ஏற்றின.

எல்.இ.டி., லேசர் ஒளிமூலங்கள் இச்சிக்கலைப் பெரிதும் நீக்கின. அவற்றின் ஆயுள் இருபதாயிரம் மணி நேரம் அல்லது அதற்கும் மேல் என்று குறிக்கப்படுகிறது. ஆனால் விளக்கைப் போல் பயனரே கழற்றி மாற்றும்படி அவை பெரும்பாலும் அமைவதில்லை. பழுதானால் பெரும்பாலும் கருவியையே பணிமனைக்கு அனுப்ப வேண்டும். செலவு நடுவழியில் வராமல் இறுதியில் மொத்தமாக வருகிறது.

லூமன் என்னும் எண்

இன்றைய மலிவுச் சந்தையில் வாங்குபவர் அதிகம் ஏமாறுவது ஒளியளவில். ஒரு புரொஜெக்டர் தரும் மொத்த ஒளியின் அலகு லூமன். இதை அளக்க அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி 1992-இல் ஒரு முறை வகுத்தது. வெள்ளைத் திரையை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் விழும் ஒளியை அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். திரையை அடையும் ஒளி மட்டும் கணக்கில் வரும். கருவிக்குள் இருக்கும் எல்.இ.டி. எவ்வளவு ஒளி உமிழ்கிறது என்பது வேறு கணக்கு. பல மலிவுக் கருவிகளின் பெட்டியில் வெறுமனே “லூமன்” என்று போடப்படும் ஆயிரக்கணக்கான எண்கள் திரையில் அளந்தவை அல்ல. இக்கருவிகளில் ஒரே எல்.சி.டி. தகடு வழியாகவே மூன்று நிறமும் செல்கின்றன. நிறவடிகட்டிகளும் ஒளியைத் திசைப்படுத்தும் படலங்களும் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. பெட்டியில் ஒன்பதாயிரம் என்றிருக்கும். சுவரில் இருநூறு கூட விழாது.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? டிஜிட்டல் திரையரங்குகளுக்கான வரையறை, திரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறத்தாழ 14 லூமன். நூறு அங்குல மூலைவிட்டமுள்ள அகலத்திரையின் பரப்பு சுமார் 30 சதுர அடி. பெருக்கினால் 420 லூமன். முழு இருட்டறையில் சாதாரண வெள்ளைத் திரையில் திரையரங்கின் ஒளிர்வைப் பெற இது போதும். 120 அங்குலத்துக்கு 600 வேண்டும். அகலத்தை இருமடங்காக்கினால் ஒளி நான்கு மடங்கு தேவைப்படும். ஆகவே நம்பத்தக்க 500 லூமன், நம்ப முடியாத 9000-ஐவிட மேலானது. ஆனால் இக்கணக்கு இருட்டுக்கு மட்டுமே பொருந்தும். புரொஜெக்டரால் கருமையை வீழ்த்த முடியாது. திரையில் கறுப்பு என்பது ஒளி விழாத இடம். அறையில் எரியும் டியூப்லைட் அந்த இடத்தைச் சாம்பலாக்கிவிடும். வெள்ளையடித்த சுவரும் மேற்கூரையும் திரையின் ஒளியையே திருப்பி அனுப்பும். வென்டிலேட்டரை மூடாத நம் ஊர்க் கூடத்தில் பகல் காட்சிக்கு 3000 லூமன் கருவியும் திணறும். கனமான கறுப்புத் திரைச்சீலைக்குச் செலவிடும் சில ஆயிரம் ரூபாய், கருவியில் கூடுதலாகச் செலவிடும் பல ஆயிரத்தைவிடப் படத்தை மேம்படுத்தும்.

அடுத்த ஏமாற்று, புள்ளிகளின் எண்ணிக்கை. “முழு எச்.டி. ஏற்கும்” என்றால் அத்தகைய சமிக்ஞையைக் கருவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். உள்ளே இருக்கும் தகடு 800×480 ஆகவும் இருக்கலாம். அப்போது படம் அதற்கேற்பச் சுருக்கப்படும். பார்க்க வேண்டியது தகட்டின் இயல்பான அளவு. 4கே என்ற பெயரிலும் இதுபோன்ற வேறுபாடு உண்டு. பல டி.எல்.பி. கருவிகளில் உள்ள சில்லில் 1920×1080 கண்ணாடிகளே இருக்கின்றன. படத்தை மிக வேகமாக நான்கு இடங்களுக்கு நகர்த்தி நான்கு மடங்குப் புள்ளிகளைக் கண்ணுக்குக் காட்டுகிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்வது நியாயமன்று; விளைவு கண்ணுக்கு உண்மையாகவே தெளிவாகத் தெரிகிறது. சரிவகத் திருத்தம் வேறு. கருவியைக் கோணலாக வைத்துவிட்டு மென்பொருளால் படத்தை நேராக்கும்போது தகட்டின் புள்ளிகளில் ஒரு பகுதி பயனின்றிப் போகிறது. நேராக வைக்க இடம் இருந்தால் நேராக வைப்பதே நல்லது.

திரையரங்கும் வீடும்

வீட்டில் பெரிய திரை என்பது தமிழ்த் திரைத்துறையில் பூசலுக்குரிய பொருளாகவும் இருந்தது. 2013 ஜனவரியில் கமல்ஹாசன் தன் விஸ்வரூபம் படத்தைத் திரையரங்குக்கு முன்பே டி.டி.எச். வழியாக வீடுகளுக்குத் தர முயன்றார். திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர், திட்டம் நடக்கவில்லை. ஏழாண்டு கழித்து, பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டிருந்த 2020 மே மாதத்தில் பொன்மகள் வந்தாள் நேரடியாக இணையத்தில் வெளியானது. நவம்பரில் சூரரைப் போற்று வந்தது. பெரிய திரைக்கென எடுத்த படத்தை முதல் நாளே வீட்டில் பார்க்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அதுவரை புரொஜெக்டரைப் பற்றி எண்ணாத பலர் அதன் விலையை விசாரிக்கத் தொடங்கினர்.

அப்படி விசாரிப்பவர் முன் இன்று மூன்று வகைகள் உள்ளன. பத்தாயிரம் ரூபாய் அளவிலான ஒற்றை எல்.சி.டி. கருவி, இரவில் நான்கைந்து அடிப் படத்துக்குக் குழந்தைகளை மகிழ்விக்கும். நியூரம்பெர்க் தகர விளக்கின் நேர் வாரிசு. அதற்கு மேலே, ஆன்சி அளவில் சில நூறு லூமன் தரும் எல்.இ.டி. டி.எல்.பி. கருவிகள். இவற்றுக்கும் மேலே, இரண்டாயிரம் லூமனுக்கு மேல் தரும் மூன்று தகட்டு எல்.சி.டி., விளக்கு அல்லது லேசர் டி.எல்.பி. கருவிகள். பழைய விளக்குக் கருவிகள் இரண்டாங்கைச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதைக் கருவியின் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். அந்த மாடலுக்கு அசல் விளக்கு இன்னும் விற்பனையில் உள்ளதா, என்ன விலை என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.